வல்லாரை சரி, பிரஷர் எங்கே?

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் மறதி பற்றிய கட்டுரை படித்தேன். வல்லாரை சாப்பிடுங்கள், குறுக்கெழுத்துப் போடுங்கள் என்றிருந்தது. சரி, வல்லாரைச் சம்பலுக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. ஆனால் பிரஷர் என்ற சொல் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

என் அப்பா திருகோணமலையில் நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். ஒருநாள் கோடு போட்ட ஒரு சேட்டுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவிட்டார். ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். துணியின் உட்பக்கம் வெளியே வந்தது. மற்றதைத் திருப்பினார். கடைசியில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். மறதி என்று சொல்ல முடியாது. பழைய வாடிக்கையாளர்களின் கழுத்தளவு அப்போதும் நாக்கு நுனியில் இருந்தது. எதற்குப் பிறகு எது என்பதுதான் குழம்பியது.

'அறளை பெயர்ந்துவிட்டது' என்றார்கள் அயலில். நாங்களும் வயது என்று விட்டுவிட்டோம். சில மாதம் ஒரே மாதிரி இருப்பார், பிறகு ஒரு கிழமைக்குள் ஒரு படி இறங்குவார். நடையும் சுருங்கியது. ஸ்கானில் மூளையின் உட்பகுதியெங்கும் சின்னச் சின்னப் புள்ளிகள். வைத்தியர்தான் விளக்கினார்: உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஒக்சிசனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லீட்டர் இரத்தம் போகவேண்டும். பிரஷர் பல வருடம் கூடியே இருந்தால் நுண்ணிய நாடிகளின் சுவர் தடித்து வழி ஒடுங்கும். வாய் கோணாது, கை விழாது, உள்ளே ஓரிடம் சத்தமில்லாமல் பட்டுப்போகும். சீனி வியாதியும் சிகரெட்டும் இதற்குத் துணை.

அப்பா பிரஷர் குளிசையை நிறுத்தி நாலு வருடமாம். "தலைச்சுத்து ஒண்டும் இல்ல, பிறகென்னத்துக்குக் குளிசை?" கிளினிக் கொப்பி தையல் மெஷின் லாச்சியில், பொத்தான் டப்பாவுக்குக் கீழே கிடந்தது.

2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பிரஷரின் மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு, 140ஐ இலக்காக வைத்தவர்களைவிட ஆரம்பநிலை அறிவுத் தடுமாற்றம் ஐந்தில் ஒரு பங்களவு குறைவாக வந்தது. எல்லா முதியவருக்கும் அந்த 120 ஒத்துவராது, அதை வைத்தியர் சொல்லட்டும். பிரஷர் பார்க்கவாவது போகவேண்டாமா?

அப்பா இப்போது குளிசை போடுகிறார், பின்னேரம் டச்சு விரிகுடாக் கரையில் நடக்கிறார், பொத்தான் மட்டும் தைக்கிறார். போனது திரும்பவில்லை. அடுத்த கட்டுரையில் பிரஷருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில், அப்பா கண்ணாடி போடமாட்டார்.

வாசகி,
உப்புவெளி, திருகோணமலை