தூக்கிச் சுமந்தவர்களுக்கு: கோஹிமாவுக்கு ஒரு நன்றி மடல்

1944-இல், இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய நாகாலாந்தின் கோஹிமா மலைச்சரிவுகளில் வழி காட்டிய, மூட்டை சுமந்த, அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கி வந்த நாகா கிராமத்தாருக்கும், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

வங்கி வேலை மாற்றலில் வந்து மூன்று வருடம் உங்கள் ஊரில் இருந்தேன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் போக்கிடம் அந்தப் போர்க் கல்லறைத் தோட்டம்தான். அங்கே 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நடப்பேன். ஒருநாள் வீட்டுக்கார அம்மாவின் தாயாரிடம் இதைச் சொன்னேன். அவர் அங்கே எல்லாரும் பேசும் பொதுமொழியான நாகமீஸில் கேட்டார்: “சுமந்துகொண்டு போனவர்களின் பெயர் இருக்கிறதா?”

போர் வந்தபோது அவர் சிறுமி. வீட்டை விட்டுவிட்டு மழைக்காட்டுக்குள் ஒளிந்து கிடந்ததெல்லாம் நினைவிருந்தது. அவர் கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அந்த ஏப்ரலில் ஜப்பானிய ஜெனரல் சாத்தோவின் 31-ஆவது டிவிஷன் சுமார் பதினைந்தாயிரம் பேரோடு கோஹிமாவுக்கு வந்து சேர்ந்தது. கையில் மூன்று வார அரிசிதான். அது தீர்ந்ததும் உங்கள் களஞ்சிய நெல்லும் மாடும் பன்றியும்தான் அவர்களுக்குச் சாப்பாடு. உங்கள் கிராமத்தையே அரணாக்கிக்கொண்டார்கள். அவர்களை விரட்டப் பிரிட்டிஷ் படை போட்ட குண்டுகளும் உங்கள் கூரைகள் மேல்தான் விழுந்தன. இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் இழந்தவர்கள், தங்களைக் காப்பாற்றிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. ஜப்பானியர் எந்த மேட்டில் பதுங்குகுழி வெட்டுகிறார்கள், எந்தப் பாதையில் ரோந்து போகிறார்கள் என்று பார்த்துவந்து சொன்னீர்கள். ஏப்ரல் கடைசியில் பிரிட்டிஷ் 2-ஆவது டிவிஷனின் ஒரு பிரிகேட், கொனோமா பக்கமாகப் போய்ப் புலேபாட்ஸே மலையைச் சுற்றி எதிரியைப் பக்கவாட்டில் தாக்கக் கிளம்பியது. வண்டி போக முடியாத காடு, விடாத மழை, காலை வைத்தால் வழுக்கும் செங்குத்துச் சரிவு. அந்தப் படைக்கு முன்னால் வழி சொல்லிக்கொண்டு நடந்தவர்கள் நீங்கள். சாப்பாட்டையும் தோட்டாக்களையும் மூங்கில் கூடையில் ஏற்றி, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாக ஏறினீர்கள். திரும்பி இறங்கும்போது ஸ்ட்ரெச்சர். சும்மா நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கிய மலை அது. அதில் குண்டடிபட்ட ஒருவனைக் கீழே போடாமல், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே மணிக்கணக்காகச் சுமந்திருக்கிறீர்கள். அந்த மனிதனின் மொழிகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இதற்கெல்லாம் கூலி கொடுத்தபோது பல முறை வாங்க மறுத்துவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் தரப்பின் 14-ஆவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதிவைத்திருக்கிறார். களஞ்சியம் காலியாகி, வீடும் இல்லாமல் நின்ற நேரத்தில்! அதைப் படித்துவிட்டு அன்றிரவு வெகுநேரம் தூங்காமல் இருந்தேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் படையெடுப்பில் ஜப்பானியர்களோடு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் வந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த எங்கள் தமிழர்கள் ஏராளம். எங்கள் ஊரில் அவர்களுடைய தியாகத்தைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. நாகர்களிலும் சிலர் அந்தப் பக்கம் இருந்தார்கள். ஆனால் அந்தக் கதையில் உங்கள் கிராமங்கள் வரவே இல்லை. யாருடைய கொடி உயர்ந்தது என்பதற்காக நான் நன்றி சொல்லவில்லை. உங்கள் மண்ணில் விழுந்து கிடந்த யாரோ பெற்ற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அதற்காக. அவர்களில் இந்தியாவின் பல மூலைகளிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள்.

ஜூன் 22-ஆம் தேதி, ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த கோஹிமா–இம்பால் சாலை திறந்தது. ராணுவம் பர்மாவை நோக்கிப் போய்விட்டது. நீங்கள் இடிந்துபோன ஊரை மறுபடி கட்டிக்கொண்டீர்கள்.

மாற்றலாகித் திரும்புவதற்கு முன்பு கடைசியாக ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். 2-ஆவது டிவிஷனின் நினைவுக்கல் முன்னால் வழக்கம்போலக் கூட்டம். ஊருக்குப் போனால் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இறந்தவர்கள் கேட்கும் வாசகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் முன்னோர் நடுவது போன்ற நெடுங்கல் அது. அந்தக் கனமான கல்லை மேலே இழுத்துக்கொண்டு வந்தவர்களும் நாகர்கள்தான்.

பாட்டி, நீங்கள் கேட்ட பெயர்களை அந்தக் கல்லில் தேடினேன், இல்லை. ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிக்க நன்றி.

மூன்று வருடம் உங்கள் ஊரில் இருந்த ஒரு தமிழன்