பழனிக்கு, வியன்னா ரூம் விஷயமாக

பழனி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை இந்த வருஷமும் போக்குக் காட்டிவிட்டது, மூலத்தரையில் திறந்துவிடும் தண்ணீர் எங்கள் வாய்க்கால் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள், தென்னையை அண்ணாந்து பார்த்தால் வயிறு எரிகிறது. குமுளியில் ஏலக்காய் நன்றாகப் போகிறது போல. இல்லாவிட்டால் உங்கள் சிநேகிதர் ஐரோப்பா பேச்சையே எடுக்கமாட்டாரே என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். தங்கச்சியை வெளிநாடு கூட்டிப்போகிறேன் என்று நீ கல்யாணப் பந்தலில் சொன்னதற்கு நானே சாட்சி. இப்போதாவது நடக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மோட்டல் ஒன், ஐபிஸ், நோவோடெல் என்று மூன்று ஹோட்டல் பெயரை அனுப்பி எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். மூன்றுமே வியன்னா ஹவுப்ட்பான்ஹோஃப் அருகில் இருக்கிறவை, அதாவது அந்த ஊரின் பெரிய ரயில் நிலையம். தெரிந்து செய்தாயோ தெரியாமல் செய்தாயோ, பாதி வேலையை முடித்துவிட்டாய். ஏனென்றால் இந்தச் செயின் ஹோட்டல்களில் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது, சுத்தமான வெள்ளை விரிப்பு, சின்ன பாத்ரூம், சுவரில் டிவி, அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது, ஒரு ரூமில் எத்தனை பேரை விடுகிறார்கள், காசைத் திருப்பித் தருவார்களா மாட்டார்களா என்பதில்தான் இருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து மயங்காதே. இருபத்துநாலு மணி நேர ரிசப்ஷன் உண்டா, லிஃப்ட் உண்டா என்று எண்ணிப் போடுகிற மார்க்குதான் அது, ஹோட்டல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதில் மார்க் கிடையாது.

அந்த ஸ்டேஷன் பக்கத்தை நான் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் தெரியுமா? மகள் அங்கே படித்தபோது நாங்கள் போய்ச் சுற்றிய இடம் அது. ஏர்போர்ட்டிலிருந்து சாதாரண ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஹவுப்ட்பான்ஹோஃபில் இறங்கலாம். பச்சைக் கலரில் ஒரு தனி ஏர்போர்ட் ரயில் ஓடும், அதைத்தான் முதலில் கண்ணில் படுகிற மாதிரி விளம்பரம் செய்திருப்பார்கள். அது வீன் மிட்டே என்கிற வேறு ஸ்டேஷனுக்குப் போவது, காசும் பல மடங்கு. உனக்கு அது வேண்டாம். ஸ்டேஷனுக்கு அடியிலேயே யூ1 மெட்ரோ. மூன்றாவது ஸ்டாப் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், படி ஏறி வெளியே வந்தால் அந்தப் பெரிய தேவாலயம் தலைக்கு மேல் நிற்கும். பெல்வெடேர் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியாவில் ஞாயிறு என்றால் கடை கிடையாது, சட்டமே அப்படி, சூப்பர் மார்க்கெட் முதற்கொண்டு ஷட்டர் போட்டுவிடுவார்கள். நமக்கு உதவுகிற விதிவிலக்கு பெரிய ரயில் நிலையங்கள். ஹவுப்ட்பான்ஹோஃபுக்குள் இருக்கும் இன்டர்ஸ்பார் ஞாயிறும் திறந்திருக்கும், அன்றைக்கு ஊரே அங்கேதான் கூடையோடு வரிசையில் நிற்கும். பால், தயிர், பழம், ரொட்டி எல்லாம் கிடைக்கும். குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசைக் கரியாக்காதே. 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள், கோயமுத்தூர்க்காரன் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற அதே பெருமை அங்கேயும் உண்டு.

இப்போது உன் மூன்று ஹோட்டல்.

மோட்டல் ஒன் ஜெர்மனியில் பிறந்த செயின், 2000-ல் ஆரம்பித்தது. பார்க்க அழகாக இருக்கும், எங்கே திரும்பினாலும் மயில் நீலக் கலர், லாபியில் நல்ல சோபா, விலையும் நியாயம். ஆனால் ரூமில் அலமாரி, கெட்டில், ஃபிரிட்ஜ் எதையும் எதிர்பார்க்கக்கூடாது, கொக்கியில் சட்டையை மாட்டவேண்டியதுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் போனால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். நீங்கள் மூன்று பேர். அவர்களுடையது பொதுவாக இரண்டு பேருக்கான ரூம், எக்ஸ்ட்ரா கட்டில் போடுகிற வழக்கம் இல்லை. நம்மூர் லாட்ஜில் மேனேஜரிடம் சொல்லி ஒரு பாயும் தலையணையும் வாங்கிப் பையனைக் கீழே படுக்கவைப்போமே, அந்தக் கதை அங்கே நடக்காது. ஒவ்வொரு விருந்தினரின் விவரத்தையும் பதிவு செய்தாகவேண்டும் என்று ஆஸ்திரியாவில் சட்டம் இருக்கிறது, ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டை வாங்கி ஆளை எண்ணுவார்கள். அப்படியென்றால் இரண்டு ரூம். இரண்டு ரூம் என்றால் விலை மலிவு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

ஐபிஸும் நோவோடெலும் ஒரே கம்பெனி, பிரான்ஸின் அக்கோர். உன் லிஸ்டில் இருக்கிற இரண்டும் ஒரே கட்டடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐபிஸில் மூன்று வகை உண்டு என்பதைக் கவனி, சிவப்பு போர்டு சாதா ஐபிஸ், பச்சை ஸ்டைல்ஸ், நீலம் பட்ஜெட். போனில் வேகமாகத் தள்ளிக்கொண்டே போகும்போது மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், பட்ஜெட் ரூம் ரொம்ப நெருக்கம், பெட்டியைத் திறந்து வைக்கக்கூட இடம் தேடவேண்டும். நீ அனுப்பியது சிவப்பு, அது பரவாயில்லை. ஆனால் எனக்கு நோவோடெல்தான் சரி என்று படுகிறது. காரணம் உன் பையன். பதினாறு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் வரை அப்பா அம்மா ரூமிலேயே இலவசமாகத் தங்கலாம், காலைச் சாப்பாடும் சேர்த்து, இது நோவோடெலில் பல காலமாக இருக்கிற வழக்கம். ரூமிலேயே விரித்துப் போடுகிற சோபா கட்டில் இருக்கும். பையனுக்குப் பதினான்குதானே? புக் செய்யும்போது மூன்று பெரியவர்கள் என்று போடாதே, இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை, வயது 14 என்று போட்டுப் பார், திரையில் வருகிற ரூமே வேறாக இருக்கும். அந்தப் பக்கத்திலேயே சோபா கட்டில் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டு, அதே ஹோட்டலில் எல்லா ரூமும் ஒரே அளவு கிடையாது.

ஐபிஸைவிட ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடத்தான் காட்டும். காலைச் சாப்பாட்டையும் சேர்த்துக் கணக்குப் போடு. அங்கே பஃபே ஒரு ஆளுக்கு 15, 20 யூரோ கேட்பார்கள், யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற நேரம், மூன்று பேருக்கு என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள், கடைக்காரனுக்கு நான் கணக்குச் சொல்லவேண்டாம். பையனுக்கு இலவசம் என்றாலே பாதி வித்தியாசம் சரியாகிவிடும். அந்த வயதுப் பையன்கள் பஃபேயில் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பார்த்தால் ஹோட்டல்காரன்தான் பாவம். தங்கச்சிக்கு ரொட்டி, சீஸ், பழம், அப்புறம் பெரிய கிண்ணத்தில் புளிக்காத கெட்டித் தயிர் இருக்கும். என் வீட்டுக்காரி அதைத் தட்டு நிறைய எடுத்து, டப்பாவில் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயை ஓரமாக வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பக்கத்து மேஜைக் கிழவர் அது என்ன ஜாம் என்று கேட்டார்.

மூன்று வேளையும் சோறு இல்லாமல் முடியாது என்று தங்கச்சி சொன்னால் பேச்சே வேறு. அடுப்பு வைத்த ரூம் தருகிற அடாஜியோ மாதிரி செயின்கள் இருக்கின்றன, கப்போர்டைத் திறந்தால் பாத்திரம், தட்டு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கும். செலவைக் குறைக்கவேண்டும் என்றால் மைனிங்கர், அதில் தங்குகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை, மூன்று நான்கு பேர் ரூமும் கிடைக்கும். வியன்னாவில் இரண்டாவது வட்டாரத்தில் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், எந்த ஹோட்டலிலும் ரூமுக்குள் எலக்ட்ரிக் குக்கரை மாட்டிக் கடுகு தாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம். கூரையில் புகை கண்டுபிடிக்கிற கருவி இருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து நின்றால் அந்தச் செலவு உன் தலையில்தான் விழும்.

கட்டில் விஷயம் ஒன்று. டபுள் பெட் என்று போட்டிருந்தாலும் ஆஸ்திரியா, ஜெர்மனியில் பெரும்பாலும் இரண்டு மெத்தையை ஒட்டிப் போட்டு ஆளுக்கொரு போர்வையை மடித்து வைத்திருப்பார்கள். ரூம் மாற்றிக் கொடு என்று கீழே போய்ச் சண்டை போடாதே, அவர்கள் வழக்கமே அதுதான். யோசித்துப் பார்த்தால் முப்பது வருஷம் ஒரே போர்வையை இழுத்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். பாத்ரூமில் வாளி, மக்கு, கைக்குழாய் எதுவும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக்கைப் பெட்டியில் போட்டுக்கொள், வெட்கப்படாதே. ஐரோப்பாவில் இந்த விஷயத்தில் நமக்குச் சொந்தக்காரர்கள் என்று இத்தாலிக்காரர்களைச் சொல்லலாம், அங்கே வீட்டுக்கு ஒரு கழுவுதொட்டி வைத்தாகவேண்டும் என்று 1975-லேயே அரசு ஆணை போட்டிருக்கிறார்கள்.

பெங்களூர் மருமகன் சிட்டிசன்எம் என்கிற செயின் நன்றாக இருக்கும் என்றாராமே. இருக்கும், அவருக்கு. சுவருக்குச் சுவர் ஒரே பெரிய கட்டில், ஜன்னல் பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்தால் இந்தப் பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். நம் வயதுக்கு அது ஒத்துவராது. பையனுக்கும் இடம் இல்லை.

தங்கச்சி டூலிப் தோட்டம் பார்க்கவேண்டும், ஆம்ஸ்டர்டாம் போகலாம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். கோய்க்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைக்கும்தான், பையன் லீவுக்குப் பொருந்தும், அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ரூம் வாடகை ஏற்கெனவே அதிகம், அதன்மேல் நகரசபை சுற்றுலா வரி 12.5 சதவீதம், 2026 ஜனவரியிலிருந்து தங்குமிடத்துக்கான வாட் வரியையும் 9-லிருந்து 21 ஆக ஏற்றிவிட்டார்கள். அப்படியும் அங்கேதான் என்றால் ஊர் நடுவில் தேடாதே, ஸ்லோட்டர்டைக் ஸ்டேஷன் பக்கம் பார், செயின் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன, ரயிலில் ஏறி உட்காருவதற்குள் சென்ட்ரல் வந்துவிடும். அங்கே ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் பார்க்கலாம், காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்ந்தது.

தேதியில் ஜாக்கிரதை. நம் பள்ளிக்கூட லீவு ஏப்ரல், மே. வியன்னாவில் வருஷா வருஷம் வசந்த காலத்தில், பெரும்பாலும் ஏப்ரலில், ஐரோப்பிய புவி அறிவியல் மாநாடு ஒன்று நடக்கும், பல்லாயிரம் விஞ்ஞானிகள் வந்து இறங்குவார்கள், அந்த வாரம் நீ இப்போது பார்க்கிற அதே ரூம் எங்கோ போய் நிற்கும். ஈஸ்டரும் அப்படித்தான். ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசியாகப் பணம் கட்டுகிற விஷயம். ஒரே ரூமுக்கு இரண்டு விலை காட்டும். மலிவானது கேன்சல் செய்தால் ஒரு பைசா வராது, மற்றதை வருவதற்கு ஒரு நாள் முன்புவரைகூடப் பல இடங்களில் ரத்து செய்யலாம். நீ இரண்டாவதைத்தான் எடுக்கவேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதே. விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்டச் சொல்வார்கள், விசா எப்போது வரும் என்பது அவர்கள் கையில். எங்கள் தெருவில் ஒருத்தர் மலிவு விலையில் எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவிட்டார், விசா கைக்கு வந்த அன்று முதல் ஊர் புக்கிங் முடிந்தே போயிருந்தது. விலையை ஏஜென்சி ஆப்களில் பார், ஆனால் புக் செய்வதை ஹோட்டல் கம்பெனியின் சொந்தத் தளத்தில் செய், இலவசமாக மெம்பர் ஆனால் கொஞ்சம் தள்ளுபடியும் கிடைக்கும், ஏதாவது மாற்றவேண்டும் என்றால் நேரே அவர்களிடமே பேசலாம். நடுவில் ஏஜென்சி இருந்தால் அவனைக் கேள் இவனைக் கேள் என்று பந்தாடுவார்கள்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், விசா மனுவை வாங்குகிற விஎஃப்எஸ் ஆபீஸ் கொச்சியிலேயே இருக்கிறது, சென்னைக்கு ஓடவேண்டாம். பெரியவர்களுக்கு 90 யூரோ. பையனுக்குப் பன்னிரண்டு தாண்டிவிட்டதால் அவனுக்கும் முழுக் கட்டணம்தான். 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். அதற்கெல்லாம் முன்னால் அவன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பார். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் தருவார்கள், நாம் பத்து வருஷ நினைப்பிலேயே இருந்துவிடுவோம். அங்கிருந்து கிளம்புகிற தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி இருக்கவேண்டும். முடிகிற மாதிரி இருந்தால் இந்த வாரமே புதுப்பிக்கக் கொடுத்துவிடு, மற்றது அப்புறம். தேதி முடிவானதும் நோவோடெல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, பணம் கட்டுவதற்கு முன்னால் நானும் மகளும் ஒரு தடவை பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
உன் சாமிநாதன்
கொழிஞ்சாம்பாறை