பாவசங்கீர்த்தனம் மலிவான மன்னிப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கர் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைக் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வாரம் முழுக்கப் பாவம், சனிக்கிழமை மாலையில் மன்னிப்பு, ஞாயிறு காலையில் நற்கருணை அப்பம் என்ற கேலி எங்களுக்குப் பழகிப்போன ஒன்றுதான்; அதற்காக மட்டும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் கட்டுரையாளர் அதோடு நிற்கவில்லை. இது 1215-ஆம் ஆண்டில் குருக்கள் தங்கள் அதிகாரத்துக்காகப் புகுத்திய வழக்கம் என்கிறார்; இதற்குக் காணிக்கை வாங்கப்படுகிறது என்கிறார்; குருவானவர் காக்கும் இரகசியம் குற்றவாளிகளின் புகலிடம் என்றும் முடிக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை இந்த அருளடையாளத்துக்கு ஆயத்தப்படுத்தும், குருவல்லாத பொதுநிலையினன் என்ற முறையில், திருச்சபை உண்மையில் என்ன போதிக்கிறது என்பதைச் சொல்ல இடம் கேட்கிறேன்.

மலிவு என்ற குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குகிறேன். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று பழைய ஞானோபதேசம் முதல் இன்றைய மறைக்கல்வி வரை ஒரே மாதிரியாகத்தான் கற்பிக்கப்படுகிறது: தன் ஆத்துமத்தைச் சோதித்துப் பார்த்தல், செய்ததற்காக மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், குருவிடம் அறிக்கையிடுதல், அவர் விதிக்கும் அபராதத்தை (செபம், தவம் போன்ற பரிகாரத்தை) நிறைவேற்றுதல். இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாவிட்டால் மற்றவை அனைத்தும் வெறும் சடங்கு. அடுத்த வாரமும் இதையே செய்யப்போகிறேன் என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டு முழந்தாளிடுபவனுக்கு, குருவானவர் மன்னிப்பு வாசகத்தை முழுமையாகச் சொல்லி முடித்தாலும், மன்னிப்பு இல்லை. குருவை ஏமாற்றியிருக்கலாம், அவ்வளவுதான். அவனுடைய மனநிலை வெளிப்படையாகத் தெரிந்துவிட்டால், மன்னிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ குருவுக்குக் கடமை இருக்கிறது. கட்டுரையாளர் கேலி செய்யும் அந்தச் சனிக்கிழமை மனிதனைத் திருச்சபையின் சட்டமே ஏற்பதில்லை.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். ஒருவர் தாம் வேலை செய்யும் நிறுவனத்தின் கணக்கில் கைவைத்துப் பணம் எடுத்திருக்கிறார்; சந்தேகம் தன்மீது விழாமல் இருக்க, அதை உடன் பணியாற்றுபவர் செய்ததாகச் சாடையாகப் பேசியும் வைத்திருக்கிறார். மனம் உறுத்தி ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறார். 'திருடினேன், பொய் சொன்னேன்' என்று இரண்டு சொற்களில் முடித்துக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே' என்ற செபத்தை மூன்று முறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் நினைத்திருந்தால், விவரமறிந்த குருவானவர் அப்படி விடமாட்டார். 'எடுத்த பணம் இப்போது எங்கே? திருப்பிக் கொடுக்க முடியுமா?' என்று கேட்பார். ஒரேயடியாக முடியாவிட்டால் சிறிது சிறிதாகவேனும் கொடுக்கச் சொல்வார். பெயர் வெளியே தெரியாமல் திருப்பிச் சேர்க்கவும் வழியுண்டு. அதைவிடக் கடினமான கேள்வி அடுத்து வரும்: 'அந்த மனிதருடைய பெயரைக் கெடுத்தீரே, அதை எப்படிச் சரிசெய்யப்போகிறீர்?' பணத்தையாவது உறையில் போட்டு அனுப்பிவிடலாம். தான் பரப்பிய அவதூறைத் தன் வாயாலேயே திரும்பப் பெறுவதற்கு உறை ஏது? பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறதே தவிர, அந்தப் பாவம் உண்டாக்கிய சீர்கேடுகள் அனைத்தையும் தானாகச் சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தருவதும், கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதும், இழைத்த காயத்துக்கு ஈடு செய்வதும் நீதியின் கடமைகள் என்பதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் எண்ணில் சொல்வது. இதை மலிவு என்று சொல்பவர், மன்னிக்கவும், விலையைக் கேட்டுப் பார்க்காதவர்.

இதற்கு நேர்மாறான குறையும் அதே கட்டுரையில் இருப்பதுதான் வேடிக்கை. பாவசங்கீர்த்தனம் மனிதர்களைத் தீராத குற்ற உணர்வில் கட்டிப்போடுகிறதாம். ஒரே வழக்கம் ஒரே நேரத்தில் பாவத்தை மிக எளிதாகவும் மிகப் பாரமாகவும் ஆக்குவது எப்படி என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும். ஆயினும் இந்தப் பகுதிக்குச் சற்று விரிவான பதில் தேவை. ஏனெனில் அளவுக்கு மீறிய மனக்கலக்கத்தால் அவதிப்படும் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள்.

எல்லாத் தவறும் கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் சாவான பாவமாகிவிடுவதில்லை. காரியம் கனமானதாக இருக்க வேண்டும். அது கனமானது என்று செய்பவர் முழுமையாக அறிந்திருக்க வேண்டும். அறிந்தும் மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம். அச்சம், கட்டாயம், ஆழமாக வேரூன்றிவிட்ட பழக்கம் போன்றவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் இல்லாமலே செய்துவிடலாம் என்று அதே மறைக்கல்வி நூல் சொல்கிறது. மதுவுக்கு அடிமையான ஒருவர் பத்தாவது முறையாக விழுந்துவிட்டு வரும்போது, அவர் பொய்யாக வருந்துகிறார் என்று குருவானவர் முடிவுகட்டிவிடக் கூடாது. மறுபடியும் விழுந்துவிடுவேனோ என்று அஞ்சுவது வேறு, விழத்தான் போகிறேன் என்று தீர்மானிப்பது வேறு. முன்னது மனித பலவீனம். அதற்கு மன்னிப்பு உண்டு. தவறு எது, பலவீனம் எது, வெறும் மனப்பிரமை எது என்று பகுத்துச் சொல்ல இன்னொருவர் எதிரே இருப்பது, தனக்குத்தானே நீதிபதியாக இருந்து நாள்தோறும் தன்னைத் தண்டித்துக்கொள்ளும் மனசாட்சிக்குப் பெரிய விடுதலை.

'கடவுளிடம் நேரடியாகக் கேட்டால் போதாதா? நடுவில் மனிதர் எதற்கு?' என்ற கேள்வி நியாயமானது. கத்தோலிக்கரும் ஒவ்வொரு நாளும் நேரடியாகத்தான் கேட்கிறார்கள். கடவுள்மீதுள்ள அன்பினாலேயே எழும் உத்தம மனஸ்தாபம் இருந்து, கூடிய விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியும் சேர்ந்திருந்தால், குருவைச் சந்திக்கும் முன்பே சாவான பாவமும் மன்னிக்கப்படுகிறது என்பது திருச்சபையின் போதனை. ஆனால் உயிர்த்த ஆண்டவர் இயேசு தம் சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியை அளித்து, அவர்கள் மன்னிக்கும் பாவங்கள் மன்னிக்கப்படும், மன்னியாதிருப்பவை மன்னிக்கப்படா என்று சொன்னதை யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் பதிவு செய்கிறது. எதை மன்னிப்பது, எதை மன்னியாதிருப்பது என்று சீடர்கள் தீர்மானிக்க வேண்டுமானால், அது அவர்கள் காதில் விழவேண்டாமா? இதைக் குருவின் சொந்த அதிகாரம் என்று நினைப்பது தவறு. கிறிஸ்துவின் பெயரால் மன்னிக்கும் அவரும் தம் பாவங்களுக்கு இன்னொரு குருவிடம்தான் போயாக வேண்டும். தமக்குத் தாமே மன்னிப்பு வழங்கிக்கொள்ள எந்தக் குருவாலும் முடியாது. 2014 மார்ச்சில் திருத்தந்தை (போப்பாண்டவர்) பிரான்சிஸ் புனித பேதுரு பெருங்கோவிலில் எல்லாரும் பார்க்க ஒரு சாதாரணக் குருவின் முன் முழந்தாளிட்டதைப் பலர் படத்தில் பார்த்திருப்பார்கள். அதிகாரத்துக்காகப் புகுத்தப்பட்ட வழக்கம் உச்ச அதிகாரத்தில் இருப்பவரை முழங்கால்படியிட வைப்பது விந்தைதான்.

இனி, 1215. அந்த ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், அதாவது ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை, செய்ததெல்லாம், விவரம் தெரிந்த வயதுடைய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே இருந்த ஒன்றுக்குக் குறைந்தபட்ச அளவை வகுத்ததுதான். அதற்கு ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன், 459-இல், பெரிய லியோ என்னும் திருத்தந்தை, விசுவாசிகளின் பாவங்களை எழுதிப் பொதுவில் வாசிக்கும் வழக்கத்தைக் கண்டித்து, குருக்களிடம் தனியாக அறிக்கையிட்டால் போதும் என்று ஆயர்களுக்கு எழுதினார். தொடக்க நூற்றாண்டுகளின் முறை இன்றையதைவிடப் பன்மடங்கு கடுமையானது. விசுவாச மறுதலிப்பு, கொலை, விபசாரம் போன்றவற்றில் விழுந்தவர்கள் தவம்புரிவோர் வரிசையில் தனியாக நிறுத்தப்பட்டு, சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நற்கருணையின்றிக் காத்திருந்தார்கள். அந்த வாய்ப்பும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். தேவைப்படும்போதெல்லாம் தனிமையில் அறிக்கையிடும் முறையை ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவெங்கும் கொண்டு சென்றவர்கள் அயர்லாந்துத் துறவிகள். வடிவம் மாறியது, திருச்சபை வழியாக மன்னிப்பு என்பது மாறவில்லை. கீழைத் திருச்சபைகளும் இதை இன்றளவும் காத்துவருகின்றன. ரோமையின் அதிகாரத்தை எதிர்த்த லூத்தரைப் பின்பற்றியவர்களே, 1530-இல் ஆக்ஸ்பர்க்கில் சமர்ப்பித்த விசுவாச அறிக்கையில், தனிப்பட்ட பாவமன்னிப்பு முறையைக் கைவிடக் கூடாது என்றுதான் எழுதினார்கள்.

காணிக்கை பற்றி நீட்ட வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குக் கட்டணம் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் ஞானப்பலன்களின் பெயரால் பணம் திரட்டப்பட்டது வெட்கக்கேடான உண்மை. ஆனால் ஞானப்பலன் என்பது ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய தண்டனையைக் குறைப்பது பற்றியது, பாவமன்னிப்பைப் பற்றியது அன்று. அந்த முறைகேட்டுக்கும் 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்), பணத்தோடு பிணைந்த ஞானப்பலன்களை ரத்து செய்து முற்றுப்புள்ளி வைத்தார்.

இரகசியக் காப்பு பற்றிய குற்றச்சாட்டே மிகக் கனமானது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லாலோ சாடையாலோ வேறு எந்த விதத்திலோ எக்காரணத்துக்காகவும் குருவானவர் வெளியிடக் கூடாது. நேரடியாக வெளியிட்டால் அக்கணமே அவர் திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார். அந்த விலக்கை நீக்கும் உரிமை திருத்தந்தையின் திருப்பீடத்துக்கு மட்டுமே உண்டு. வெளியே சொல்லாவிட்டாலும், கேட்டறிந்ததை வைத்து அறிக்கையிட்டவருக்குப் பாதகமாக நடந்துகொள்வதும் குற்றம். 2021-இல் திருத்தியமைக்கப்பட்ட திருச்சபையின் தண்டனைச் சட்டம், பாவசங்கீர்த்தனத்தைக் கருவிகளால் பதிவு செய்பவரையும் பதிவை ஊடகங்களில் பரப்புபவரையும் தண்டிக்கிறது. 1927-இல் மெக்சிகோவில் குரு மத்தேயோ கொர்ரேயா, சிறைக்கைதிகள் தம்மிடம் அறிக்கையிட்டதைச் சொல்லும்படி இராணுவத் தளபதி மிரட்டியும் வாய் திறக்காததால் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் காப்பைக் குறைசொல்லி எழுதியவர், அதற்காக உயிரைக் கொடுத்தது யார் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

சிறாரைச் சீரழித்தவன் அதை அறிக்கையிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி என்னையும் தூங்கவிடாத கேள்விதான். காவல்துறையிடம் சரணடைவதை மன்னிப்புக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 2019-இல் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பு சொல்கிறது. அதைப் படித்துக் கொதித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. எனினும் சரணடையும்படி குரு அவனை வற்புறுத்தலாம். திருந்தும் உறுதியின்றி, அதே குழந்தையோடு அதே வாய்ப்பை வைத்துக்கொள்ள நினைப்பவனுக்கு மன்னிப்பு கிடையாது. பாதிக்கப்பட்டவரை இந்தக் காப்பு துளியும் கட்டுப்படுத்துவதில்லை. தாம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதையும், குரு தம்மிடம் தகாத முறையில் நடந்திருந்தால் அதையும், அவர் யாரிடமும் சொல்லலாம். பாவசங்கீர்த்தனத்தில் குழந்தையொன்று தனக்கு நேர்ந்ததைச் சொல்லுமானால், அதற்குரிய உரிமைகளையும் புகார் செய்யும் வழியையும் எடுத்துச் சொல்லும்படி அதே குறிப்பு குருக்களைப் பணிக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே தெரியவரும் கொடுமைகளைத் திருச்சபை அதிகாரிகளிடம் உடனே புகார் செய்வது 2019 முதல் எல்லாக் குருக்களுக்கும் துறவிகளுக்கும் உலகளாவிய திருச்சபைச் சட்டக் கடமை. பல நாடுகளில் அம்பலமாகித் திருச்சபையைத் தலைகுனிய வைத்தவை ஆயர் இல்லக் கோப்புகளில் புதைக்கப்பட்ட புகார்க் கடிதங்கள். அவற்றை மறைத்ததற்கு இரகசியக் காப்பு ஒருபோதும் அனுமதி தரவில்லை. பொறுப்பில் இருந்தவர்களின் கோழைத்தனமே காரணம்.

சட்டம் போட்டு இந்தக் காப்பை நீக்கினால், மறுநாள் முதல் குற்றவாளி வரமாட்டான், அவ்வளவுதான் நடக்கும். நிலையான கம்பித்தட்டிக்கு அப்பால் முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல் அறிக்கையிடும் உரிமை ஒவ்வொரு விசுவாசிக்கும் இருக்கும்போது, குருவால் யாரைப் பற்றிப் புகார் கொடுக்க முடியும்? அந்தக் குற்றவாளியிடம் 'இதை நிறுத்து, சரணடை' என்று நேரடியாகச் சொல்ல வாய்த்த ஒரே மனிதரையும் நாம் இழந்திருப்போம்.

கட்டுரையாளர் எங்கள் விசுவாசத்தை ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மறுப்பது அவருடைய உரிமை. ஆனால் 1215 பற்றியும் காணிக்கை பற்றியும் அவர் எழுதியவை கருத்துகள் அல்ல, தகவல் பிழைகள். அவ்விரண்டையுமாவது திருத்தி வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்