பெரிய டிஸ்க் வாங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் டிவி ட்யூனர் கார்டு பொருத்தி வீட்டிலேயே வீடியோ ரெக்கார்டர் அமைப்பது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, ட்யூனர் தேர்வையும் மென்பொருள் நிறுவுவதையும் தெளிவாக விளக்கியது. ஆனால் பதிவுகள் குவிந்து டிஸ்க் நிறையும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு, பெரிய ஹார்டு டிஸ்க் வாங்குங்கள், பதிவுகளை எம்பி4 ஆக மாற்றிச் சுருக்குங்கள் என்று இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டது. முதல் யோசனை பிரச்சினையைத் தள்ளிப்போடும். இரண்டாவது, கவனமில்லாமல் செய்தால் பதிவையே கெடுத்துவிடும். இடப் பிரச்சினையில் பாதி, டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் கணக்கு. டிஜிட்டல் ஒளிபரப்பைப் பதியும்போது ரெக்கார்டர் எதையும் சுருக்குவதில்லை. வானில் வரும் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் (பல சேனல்களின் தரவு கலந்து வரும் ஓட்டத்தில்) அந்தச் சேனலுக்கு உரியதை மட்டும் பிரித்து அப்படியே எழுதுகிறது. அதனால் ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் கோப்பின் அளவு மாறாது. சேனலின் பிட்ரேட்தான், அதாவது விநாடிக்கு வரும் தரவின் அளவுதான், அதை முடிவு செய்கிறது. விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று தெரியும். 4 மெகாபிட் சேனல் 1.8 ஜிபி, 8 மெகாபிட் ஹெச்டி சேனல் 3.6 ஜிபி. அமெரிக்காவில் பயன்படும் ஏடிஎஸ்சி முறை ஒளிபரப்பின் முழுக் கொள்ளளவான 19.39 மெகாபிட்டையும் ஒரே சேனல் எடுத்துக்கொண்டால் 8.7 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 8 மெகாபிட் சேனல் 1,100 மணி நேரம் பிடிக்கும் என்றால், 19.39 மெகாபிட் சேனலில் 460 மணி நேரத்திலேயே நிறைந்துவிடும்.

அடுத்தது ஃபார்மட், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையான ஃபைல் சிஸ்டத்தை அமைப்பது. வெளி டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 8 மெகாபிட் பதிவு சுமார் 71 நிமிடத்திலும், 19.39 மெகாபிட் பதிவு அரை மணி நேரத்துக்குள்ளும் அந்த எல்லையைத் தொட்டு நின்றுவிடும். பலர் இதை ட்யூனர் கோளாறு என்று நினைத்துக் கார்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பதிவு எப்போதும் ஒரே அளவில் நின்றால் சந்தேகப்பட வேண்டியது கார்டை அல்ல.

லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டமாக ஃபார்மட் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. வழக்கமான அமைப்பில் 5 சதவீத இடம் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கப்படும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. பதிவுகளுக்கு மட்டுமான பார்ட்டிஷனில் (டிஸ்க் பகுதியில்) இந்த ஒதுக்கீடு வீண். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் இதைப் பூஜ்ஜியமாக்கலாம்; உள்ளே இருக்கும் பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது. இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. இரண்டாவது ஐநோடு அட்டவணை; ஒவ்வொரு கோப்பின் விவரமும் ஒரு ஐநோடில் இருக்கும். 16 கேபிக்கு ஒரு ஐநோடு, ஒவ்வொன்றும் 256 பைட் என்ற வழக்கமான கணக்கில் அதே டிஸ்க்கில் 60 ஜிபிக்கு மேல் அட்டவணைக்கே போய்விடும். லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள இடத்துக்கான கணக்கு அது. நம்மிடம் இருப்பதோ சில நூறு பெரிய கோப்புகள். ஃபார்மட் செய்யும்போது 'லார்ஜ்ஃபைல்4' என்ற வகையைத் தேர்ந்தால் 4 எம்பிக்கு ஒரு ஐநோடு என்றாகி, அட்டவணை 250 எம்பிக்குள் அடங்கும். இதைப் பிறகு மாற்ற முடியாது. டிஸ்க் காலியாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டமும் இந்த வேலைக்கு ஏற்றது. பின்னால் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சிறிதாக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மூன்று நான்கு பதிவுகள் ஒரே நேரத்தில் ஓடினால் கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறும். டிஸ்க்கை மவுன்ட் செய்யும்போது (இயங்குதளத்தோடு இணைக்கும்போது) 'அலாக்சைஸ்' மதிப்பை 512 எம்பி என்று கொடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் பெரிய தொடர் இடமாக ஒதுக்கப்பட்டு, சிதறல் வெகுவாகக் குறையும்.

பழைய ஈஎக்ஸ்டி3 டிஸ்க்கை அப்படியே வைத்திருப்பவர்கள் வேறொரு தொல்லையைப் பார்த்திருப்பார்கள். ஒரு பெரிய பதிவை அழித்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பதிவில் படம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். அந்த ஃபைல் சிஸ்டத்தில் பல ஜிபி கோப்பை அழிக்கப் பல விநாடிகள் ஆகும். அதுவரை எழுத முடியாமல் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி வழிகிறது. மித்டிவி என்ற லினக்ஸ் ரெக்கார்டர் மென்பொருளில் கோப்பை மெதுவாக அழிக்கும் தேர்வு வந்ததே இதற்காகத்தான். ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் அது தேவைப்படாது.

டிஸ்க் வாங்கும்போது வேகத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 19.39 மெகாபிட் என்பது விநாடிக்கு 2.4 எம்பிதான், எந்த டிஸ்க்கும் தாங்கும். சிரமம் டிஸ்க்கின் படித்து எழுதும் ஹெட் அங்குமிங்கும் ஓடுவதில். நான்கு பதிவு, ஒரு பிளேபேக், பின்னணியில் விளம்பரம் கண்டறியும் வேலை என்று ஆறு இடங்களுக்கு அது மாறி மாறிப் போக வேண்டும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கை இங்கே தவிர்ப்பது நல்லது. அதன் தற்காலிகப் பகுதி நிறைந்ததும் அடுக்குகளைத் திரும்ப எழுத ஆரம்பிக்கும். எழுதும் வேகம் படுத்துவிடும். விவரக் குறிப்பில் சிஎம்ஆர் (தடங்கள் மேற்படியாத வழக்கமான வகை) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இயங்குதளமும் டேட்டாபேஸும் ஒரு சிறிய எஸ்எஸ்டியில், பதிவுகள் தனி டிஸ்க்கில் என்று பிரித்துவிடுங்கள். எல்லாம் ஒரே பார்ட்டிஷனில் இருந்தால், அது நிறையும் நாளில் பதிவோடு டேட்டாபேஸும் நின்றுவிடும். பழையதை அழித்த விவரத்தைக்கூட அதில் எழுத முடியாது. இரண்டு மூன்று டிஸ்க்குகளை எல்விஎம் என்ற லினக்ஸ் வசதியில் இணைத்து ஒன்றாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று போனால் எல்லாம் போகும். மித்டிவியின் ஸ்டோரேஜ் குரூப் வசதியில் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனியாகச் சேர்த்தால், பழுதான டிஸ்க்கில் இருந்தவை மட்டுமே போகும்.

தானாக அழிக்கும் அமைப்பைப் பலர் பயந்து அணைத்து வைக்கிறார்கள். நேர்மாறாக, அதை நம்பித்தான் ஆக வேண்டும். எப்போதும் காலியாக இருக்க வேண்டிய இடத்தை ட்யூனர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடலாம். நான்கு ட்யூனர், தலா 8.7 ஜிபி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 35 ஜிபி. 50 ஜிபி விட்டுவைப்பது பாதுகாப்பு. தினசரிச் செய்தி போன்றவற்றுக்கு அதிகபட்சம் இரண்டு பதிவு என்று விதியிலேயே வரம்பு போடுங்கள். டிஸ்க்கைத் தின்பது சினிமா அல்ல, யாரும் பார்க்காத போன வாரச் செய்திதான்.

கோப்பு மேலாளரைத் திறந்து கையால் அழிப்பதும் பெயர் மாற்றுவதும் கூடாது. மித்டிவி கோப்புக்குச் சேனல் எண்ணையும் யுடிசி (உலகப் பொது) நேரத்தையும் சேர்த்துப் பெயர் வைக்கிறது. அந்தப் பெயரை நம்பித்தான் டேட்டாபேஸ் இருக்கிறது. படிக்கத் தகுந்த பெயர் வேண்டுமானால் மித்லிங்க் ஸ்கிரிப்ட், அசல் கோப்பைத் தொடாமல் சிம்பாலிக் லிங்க்குகளை (அசலைச் சுட்டும் குறுக்குவழிகளை) உருவாக்கித் தரும். அழித்த பிறகும் இடம் கூடவில்லையென்றால், ஏதோ ஒரு ப்ரோகிராம் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைக் காட்டிக் கொடுக்கும்.

இனி எம்பி4 விஷயம். ஒளிபரப்பே ஹெச்.264 என்ற திறமையான சுருக்க முறையில் வந்தால், மறுபடி என்கோட் செய்வதில் தரத்தை இழக்காமல் கிடைக்கும் லாபம் சொற்பம். பழைய எம்பெக்-2 முறைப் பதிவுகளுக்குத்தான் அது பயன்படும். அதிலும் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவற்றுக்கு மட்டும். அதற்கு முன் விளம்பரங்களை வெட்டுங்கள். தரம் குறையாமல் இடம் கிடைப்பது அங்கேதான். என்கோட் செய்யாமல் வெட்டும்போது கீஃப்ரேமில்தான் (முழுப் படமாகப் பதிவான இடத்தில்தான்) வெட்ட முடியும். எம்பெக்-2வில் அது பெரும்பாலும் அரை விநாடிக்கு ஒன்று வரும், ஹெச்.264இல் ஒன்றிரண்டு விநாடி தள்ளிப்போகலாம். வெட்டிய பின் சீக் டேபிளை (எந்த நேரம் கோப்பில் எங்கே என்ற அட்டவணையை) புதிதாகக் கட்ட வேண்டும். மித்காம்ஃப்ளாக் கட்டளையின் 'ரீபில்டு' தேர்வு அதற்கானது. அதை விட்டுவிட்டால் முன்னே தள்ளும்போது படம் எங்கோ போய் நிற்கும்.

கோப்பை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் கட்டளை தானாக ஒரு வீடியோ, ஒரு ஆடியோ என்று வகைக்கு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது மொழி ஆடியோ சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் 'மேப்' தேர்வில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். டிவிபி முறை ஒளிபரப்பின் சப்டைட்டில் படமாக வருவது. எம்பி4 அதை ஏற்காது, எம்கேவி கோப்பு வடிவம் ஏற்கும். இன்டர்லேஸ் படத்தை (ஒற்றை, இரட்டை வரிகள் மாறி மாறி வருவதை) அதே மென்பொருளின் யாடிஃப் ஃபில்டரின் இயல்பான அமைப்பில் மாற்றினால் விநாடிக்கு 50 அசைவு 25 ஆகிவிடும். விளையாட்டுப் பதிவில் பந்து தாவித் தாவி ஓடுவது அதனால்தான். ஃபில்டரின் மோடை 1 என்று மாற்றினால் சரியாகும்.

நேரடியாக எம்பி4 ஆகவே பதிவதும் ஆபத்து. அதன் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும்; நடுவில் மின்சாரம் போனால் கோப்பே திறக்காது. டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் 188 பைட் பாக்கெட்டுகளால் ஆனது என்பதால் அறுந்த இடம் வரை ஓடும். அதற்கும் ஒரு விசித்திரம் உண்டு. அதன் நேரக் குறி 33 பிட். 90 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் சுமார் 26 மணி 30 நிமிடத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். அந்தத் தருணம் பதிவின் நடுவில் வந்தால் சில பிளேயர்கள் தவறான நீளத்தைக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

மாற்றிய கோப்பை வேறு பெயரில் வைத்து, நீளம் அசலோடு ஒத்துப்போகிறதா, கடைசி நிமிடத்தில் உதட்டசைவும் ஒலியும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்த பிறகே அசலை நீக்க வேண்டும். டிஸ்க் தன் நலம் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் எண்ணின் (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின்) மூல மதிப்பு பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தால் என்கோட் வேலையெல்லாம் பிறகு. வைத்திருக்க வேண்டிய பதிவுகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்