ஊன்ட்ரொப் என்றொரு ஊர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். தாயின் ஊரைப் பற்றி எழுதிவரும்படி பேரனின் பள்ளியில் கேட்டதாகவும், நம் ஜேர்மன் நகரமான ஹம்மின் பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னாய். ஊன்ட்ரொப் என்று நான் திருத்தப்போனபோது, "அது எங்கட கோயில் இருக்கிற தொழிற்பேட்டைதானே அப்பா" என்று நீ கேட்டது என் மனதில் தங்கிவிட்டது. தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

ஊன்ட்ரொப் தனி ஊராக இருந்தது, மகள். பெயரின் கடைசியில் வரும் 'ட்ரொப்' என்பதே ஜேர்மனியின் இந்த வெஸ்ட்பாலியாப் பகுதியில் கிராமத்தைக் குறித்த பழைய சொல்; பொட்ரொப், காஸ்ட்ரொப் என்ற பெயர்களிலும் அதுவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1974 முடியும்வரை உன்னா மாவட்டத்துக்கு உட்பட்ட, தனக்கென ஒரு மன்றமும் தலைவரும் வரவுசெலவுக் கணக்கும் கொண்ட உள்ளூராட்சியாக அது இயங்கியது. 1975 ஜனவரி 1 அன்று பெல்கும், ரீனர்ன், ஹேசன், பொக்கும்-ஹேவல் ஆகியவற்றோடு சேர்த்து அதையும் ஹம் நகரத்துடன் இணைத்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை அன்றே ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது.

நீ வளர்ந்த வெரீஸும் ஒருகாலத்தில் தனி ஊர்தான். அதுவும் ஷ்மேஹவுசன் முதலிய அயல் சிற்றூர்களும் 1968இல் ஒன்றுகூடித்தான் பெரிய ஊன்ட்ரொப் உருவானது. வேலிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த முதியவரை உனக்கு நினைவிருக்கும். மண் அப்பிய விரல்களால் உனக்குச் செர்ரிப் பழங்கள் நீட்டுவாரே, அவர்தான் எனக்கு இதையெல்லாம் சொன்னவர். வெரீஸில் பிறந்து, ஊன்ட்ரொப்பில் திருமணம் செய்து, ஹம்மில் ஓய்வூதியம் பெறுவதாகவும், ஆனால் ஒருநாளும் வீடு மாறவில்லை என்றும் அவர் ஒரு மாலை சொன்னார். சொன்னவர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டையும் ஊரையும் விட்டு வந்த எனக்கு, வீட்டிலிருந்தபடியே ஊரை இழந்த ஒருவரை அன்றுதான் தெரிந்தது.

அந்த இணைப்புகளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் அறுபதுகளில் 2,300க்கும் மேற்பட்ட உள்ளூராட்சிகள் இருந்தன. சீர்திருத்தம் முடிந்தபோது எஞ்சியவை 396. சில நூறு பேர் வாழும் ஊரால் பள்ளிக்கூடம், கழிவுநீர்க் குழாய், நிலத் திட்டமிடல், பயிற்சி பெற்ற அலுவலர்கள் எல்லாவற்றையும் தனியே தாங்க முடியாது என்பது உண்மைதான். முதியவரும் அதை மறுத்ததில்லை. ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் நேரே தலைவரின் வீட்டுக் கதவைத் தட்டிய காலம் போய்விட்டதே என்பது அவர் கவலை, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. இன்னொன்றையும் கவனித்துப் பார். ஷ்மேஹவுசனில் தோரியம் அணு உலையின் கட்டுமானம் தொடங்கியபோது அது ஊன்ட்ரொப்பின் மண். மின்சாரம் தந்தபோது ஹம்மின் மண். 1989இல் உலையை மூடினார்கள், 1991இல் அதன் குளிர்விப்புக் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நீ அப்போது கைக்குழந்தை.

இப்போது நம் கோயிலுக்கு வருகிறேன். 1989இல் ஹம் நகரில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் அம்பாளை வைத்துத் தொடங்கிய வழிபாடு அது. தேர் இழுக்கத் தொடங்கியபின் கூடிய சனத்தைக் குடியிருப்புத் தெரு தாங்காது என்றாகி, ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் நிலம் பார்த்து, 17 மீற்றர் கோபுரம் எழுப்பி, 2002 ஜூலை 7 அன்று குடமுழுக்கு நடந்தது. 1975இல் இணைப்பு நடந்திராவிட்டால் அம்பாள் ஓர் உள்ளூராட்சியின் எல்லையைக் கடந்து இன்னோர் உள்ளூராட்சிக்குக் குடிபெயர்ந்திருப்பாள். எல்லாம் ஒரே நகரமாகிவிட்டதால் இடம் மாறியும் அவள் ஹம்மை விட்டுப் போகவில்லை. அயல்வீட்டு முதியவர் வீடு மாறாமல் ஊர் மாறினார், அம்பாள் வீடு மாறியும் ஊர் மாறவில்லை. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்று பரிசிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தேருக்கு வருபவர்கள் "ஹம் ஊன்ட்ரொப்" என்றே சொல்கிறார்கள். கரைந்துபோன ஒரு வெஸ்ட்பாலியக் கிராமத்தின் பெயர் நம் சனங்களின் வாயில் இவ்வளவு தூரம் போகுமென்று 1975இல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பெயர் அரச தாளிலும் அழிந்துவிடவில்லை. குடியுரிமை கிடைத்தபின் முதன்முறையாக நகரத் தேர்தலில் வாக்களிக்கப் போனபோது, என்னிடம் தந்த தாள்களில் ஒன்று ஊன்ட்ரொப் வட்டார மன்றத்துக்கானது. பூங்கா, பாதை, பள்ளிப் பராமரிப்பு போன்ற அயல் விடயங்களைக் கவனிக்கும் மன்றம் அது. பெரிய பணம் நகர மன்றத்தின் கையில்தான். ஆனாலும் அந்தப் பெயரைத் தாளில் கண்டதும், வேலியோரம் நின்ற அவரை நினைத்துக்கொண்டு, நிதானமாகப் புள்ளடியிட்டேன்.

பள்ளிப் படிவத்தில் ஹம் என்றே இருக்கட்டும், சட்டப்படி அதுவே சரி. கட்டுரையில் மட்டும் வெரீஸையும் ஊன்ட்ரொப்பையும் பேரன் தன் கையால் எழுதட்டும். அடுத்த தேருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. மக்சிமிலியன் பூங்காவில் கண்ணாடி யானை என்ற அந்த யானை வடிவக் கட்டடத்தைக் காட்டிவிட்டு, அம்பாள் தீர்த்தமாடும் கால்வாயின் கரையோரமாக அவனை நானே நடத்திக் கூட்டிப்போகிறேன். முதியவரின் செர்ரி மரம் இன்னும் நிற்கிறது.

இப்படிக்கு,
அன்புடன் அப்பா