செல்விக்கு, தம்பி விஷயமா

செல்வி,

வைரஸ் ஊசி போட்டு மூளைக் கேன்சர் கட்டிய அழிக்கலாம்னு ஒரு ஜப்பான் மருந்தப் பத்தி நீ அனுப்புன வீடியோவ ரெண்டு தடவ பாத்தேன். நேத்தே பதில் சொல்லணும்னு உக்காந்தேன், மாம்பலத்துல ஒரே மழ, கரண்ட்டும் போயிடுச்சு. ஃபோன்ல பேசுனா நீ பாதியில அழ ஆரம்பிச்சிடுவ, நானும் சொல்ல வந்தத விட்டுடுவேன், அதான் எழுதுறேன். மெதுவா படி, உன் வீட்டுக்காரர்கிட்டயும் காட்டு.

மொதல்ல தம்பி. வெள்ளிக்கிழமை போய் பாத்துட்டு வந்தேன். மூளைக் கட்டிக்கு வைக்கிற கரண்ட், அதான் ரேடியேஷன், 17 முடிஞ்சிருக்கு, இன்னும் 13 பாக்கி. தல அசையக் கூடாதுன்னு முகத்து மேல ஒரு பிளாஸ்டிக் வலைய மாட்டி டேபிளோட சேத்து இறுக்கிடறாங்க, கழட்டி ரொம்ப நேரம் ஆகியும் நெத்தியில கட்டம் கட்டமா தடம் இருந்துச்சுடி, எனக்கு வயித்த பெசஞ்சிடுச்சு. ஆனா அவன் தெளிவா பேசுறான். வாய்க்கு எதுவும் ருசிக்கலையாம், அக்கா வத்தக்குழம்பு கொண்டு வாங்கன்னான்.

இப்ப வீடியோ. வைரஸ வச்சு கேன்சர் கட்டிய அழிக்கிறது பொய் இல்ல, அத மொதல்ல சொல்லிடறேன். நான் கிண்டி லேப்ல இருந்தப்ப வீரோ செல்னு ஒண்ணு வளப்போம், 1962ல ஜப்பான்ல ஆப்பிரிக்க பச்சக் குரங்கு கிட்னியிலேருந்து எடுத்தது, ஃப்ளாஸ்க் அடியில ஓடு பாவுன தர மாதிரி இடைவெளி இல்லாம ஒட்டி வளரும். அதுல வைரஸ விட்டு 37 டிகிரியில வச்சா மொத நாள் ஒண்ணும் தெரியாது. அப்புறம் மைக்ராஸ்கோப்ல பாத்தா அங்கங்க செல்லுங்க வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டு பளபளன்னு நிக்கும், இன்னும் ஒரு நாள் விட்டா தரையே பேந்து மேல மிதக்கும். எத்தன தடவ பாத்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் மலப்பாதான் இருக்கும்.

வீரோல மட்டும் ஏன் அவ்வளவு சுலபமா வளருதுன்னா, சாதாரண செல்லுக்குள்ள வைரஸ் புகுந்தா அது இன்டர்ஃபெரான்னு ஒரு புரோட்டீன வெளிய விட்டு அக்கம்பக்கத்து செல்ல எல்லாம் உஷார் பண்ணிடும், வீரோவுக்கு அந்த சக்தி கெடையாது. நெறைய கேன்சர் செல்லுங்களுக்கும் இதே கோளாறு இருக்கு. தறிகெட்டு வளர்ற வேகத்துல காவல கோட்ட விட்டுடுது. வைரஸோட ஜீன்ல சிலத எடுத்துட்டா நல்ல செல்லுல அது வளர முடியாது, கேன்சர் செல்லுல மட்டும் பெருகி உடைச்சிக்கிட்டு வெளிய வரும். உடைஞ்ச செல்லோட துண்டுங்க செதறும்போது, அதுவரைக்கும் கட்டிய கண்டுக்காம இருந்த நம்ம உடம்போட டி செல்லுங்க, நோயோட சண்ட போடற வெள்ளை அணுக்கள், முழிச்சிக்கும். இந்த ரெண்டாவது வேலதான் பெருசுன்னு இப்ப நெனைக்கிறாங்க. 2015ல அமெரிக்காவுல மெலனோமாங்கிற தோல் கேன்சருக்கு அப்ரூவல் ஆன டி-வெக்ங்கிற வைரஸ் ஊசியில, உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டுறதுக்குன்னே ஒரு மனுஷ ஜீனயும் சேத்து வச்சிருக்காங்க.

வீடியோல சொல்ற ஜப்பான் மருந்து பேரு டெலிடாக்ட். டோக்கியோ யுனிவர்சிட்டில டோமோகி டோடோங்கிற நியூரோசர்ஜன் கொண்டு வந்தது. உதட்டோரம் கொத்தா கொப்புளம் வருமே, அந்த ஹெர்ப்பிஸ் வைரஸ்தான், மூணு ஜீன்ல கைய வச்சு பல்ல புடுங்கிட்டாங்க. மண்டையில சின்னதா தொள போட்டு நேரா கட்டிக்குள்ளயே ஊசி, அதிகபட்சம் ஆறு தடவ. 2021 ஜூன்ல ஏழு வருஷத்துக்குன்னு கண்டிஷனோட அப்ரூவல் குடுத்தாங்க. வீடியோல சொல்லாதத நான் சொல்றேன் கேளு. அந்த மருந்த நோயாளிங்களுக்கு குடுத்து சோதிச்ச ட்ரையல்ல இருந்தது 19 பேர். ஊசி போட்டு ஒரு வருஷம் தாண்டுனவங்க 84 சதவீதம், தம்பிக்கு இருக்கிற க்ளையோபிளாஸ்டோமாங்கிற மூளைக் கேன்சருக்கு அது நல்ல நம்பர்தான், ஆனா ஊசி போடாத இன்னொரு குரூப்ப பக்கத்துல வச்சு ஒப்பிடல. முக்கியமா, அவங்க எல்லாருமே கரண்டும் டெமோசோலமைட்ங்கிற கீமோ மாத்திரையும் முடிச்சிட்டு அதுக்கப்புறமும் கட்டி மிச்சம் இருந்தவங்க, இல்ல திரும்ப வந்தவங்க. கரண்டுக்கு பதிலா யாருக்கும் வைரஸ் போடல செல்வி. "வைரஸ் வைத்தியம் இருக்கும்போது கரண்ட் எதுக்கு"ன்னு உன் சித்தப்பா கேக்கறாரே, அவர்கிட்ட இத சொல்லு. மீதி 13ல ஒண்ணு கூட விடக் கூடாது.

இன்னொண்ணும் உண்டு, அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில, போலியோ வைரஸ்! நம்ம கொழந்தைங்கள தூக்கிட்டு கேம்ப்புக்கு ஓடி சொட்டு மருந்து போட்டோமே, அந்த தடுப்பு மருந்து வைரஸ்லயே ஒரு துண்ட எடுத்துட்டு ஜலதோஷ வைரஸோட துண்ட வச்சிருக்காங்க, நரம்பு செல்ல தாக்காம இருக்க. கட்டி திரும்ப வந்த 61 பேருக்கு போட்டாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு, மூணு வருஷம் கழிச்சு 21 சதவீதம் பேர் உயிரோட. முன்னாடி அதே மாதிரி நோயாளிங்கள்ல இது 4 சதவீதம். அஞ்சு பேர்ல ஒருத்தர்டி. மத்த நாலு பேரு வீட்டயும் நெனச்சிக்கிட்டுத்தான் இத எழுதுறேன், ஆனா அந்த ஒருத்தர் இருக்காருங்கறது நெஜம்.

அப்புறம் அந்த ஏஜென்ட். அட்வான்ஸ் கட்டுனா வெளிநாட்டு வைரஸ் ஊசிக்கு ஏற்பாடு பண்றேன்னானாமே. ஒத்த ரூபா அனுப்பாத. ட்ரையல்னா நோயாளிகிட்ட மருந்துக்கு காசு கேக்க மாட்டாங்க, நோயாளிக்கு அநியாயம் நடக்காம பாத்துக்க எதிக்ஸ் கமிட்டி இருக்கும், இந்தியாவுல நடக்கறது எதுவானாலும் சிடிஆர்ஐங்கிற அரசு பதிவேட்டுல நம்பரோட இருக்கணும். அந்த நம்பர கேட்டுப் பாரு, லைன கட் பண்ணிடுவான். தோட்டத்த வித்து பணம் தரேன்னு நீ சொன்னதுலேருந்து எனக்கு தூக்கம் இல்ல, விக்காத.

செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. ஆபரேஷன்ல எடுத்த கட்டிய மெழுகுல பதிச்சு பிளாக்கா வச்சிருப்பாங்க, அந்த பேத்தாலஜி லேப்ல கேட்டு பத்திரமா இருக்கான்னு தெரிஞ்சிக்கோ, ரிப்போர்ட் ஜெராக்ஸ் மட்டும் பத்தாது. நாளைக்கு ஏதாவது ட்ரையல்ல சேரணும்னா மொதல்ல அதத்தான் கேப்பாங்க. டாக்டர்கிட்டயும் தைரியமா கேளு, கட்டி திரும்ப வந்தா எங்க எந்த ட்ரையல்ல ஆள் எடுக்கறாங்கன்னு. கேட்டா கோச்சுக்க மாட்டாங்க.

செவ்வாய்க்கிழமை திரும்ப போறேன், சுண்டக்கா வத்தல் ரங்கநாதன் தெருவுல வாங்கி வச்சாச்சு. நீ புதன்கிழமை வைகையில வர்றேன்னா எக்மோருக்கு நான் வந்துடறேன், தனியா ஆட்டோ புடிக்காத.

மல்லிகா