கையில் இடும் பெருக்கல் குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு இசை நிகழ்ச்சிகளுக்குப் போகும் சென்னை இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தக் குறி காட்டும் ‘ஸ்ட்ரெயிட் எட்ஜ்’ என்பதை, அதாவது பங்க் எனும் முரட்டு ராக் இசையின் ரசிகர்கள் சிலர் மது, புகை, போதை வேண்டாம் என்று இருக்கும் வழக்கத்தை, ஓரிடத்தில் மதுவிலக்குச் சங்கம் என்றும், இன்னோரிடத்தில் மல்யுத்த வீரர் சி.எம். பங்க்கிடமிருந்து தொற்றிய பழக்கம் என்றும் சொல்லியிருந்தது. அவர் டபிள்யூ.டபிள்யூ.இ. தொலைக்காட்சிக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் குறி வந்துவிட்டது. சங்கமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

தொடக்கத்தில் அந்தக் குறி கொள்கைகூட இல்லை, வாசலில் நிற்பவருக்கான ஓர் ஏற்பாடு. 1980இல் வாஷிங்டனைச் சேர்ந்த ‘டீன் ஐடில்ஸ்’ என்ற பங்க் குழு கலிபோர்னியாவுக்குப் போனது. சான் பிரான்சிஸ்கோவின் ‘மபுஹாய் கார்டன்ஸ்’ அரங்கில் மது உண்டு. குழுவினரோ வயது குறைந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல், மது ஊற்றுகிறவருக்குத் தெரியட்டும் என்று கையில் பெரிதாக எக்ஸ் போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் இதே ஏற்பாட்டைச் செய்யும்படி வாஷிங்டன் அரங்குகளையும் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். குழு கலைந்தபோது கையிருப்பைப் போட்டு எட்டுப் பாட்டுகள் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றை ஆயிரம் பிரதி அடித்தார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு அதுதான். அட்டைப்படத்தில் குறுக்காக வைத்த இரண்டு கைகள், இரண்டிலும் எக்ஸ். உறை செய்யும் விதம் தெரியாததால் ஒரு பிரிட்டிஷ் இசைத்தட்டின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்து அச்சுக்குக் கொடுத்தார்கள். வெட்டி, மடித்து, ஒட்டியதெல்லாம் அவர்கள் கையாலேயே.

அக்குழுவின் இயன் மெக்காய், ஜெஃப் நெல்சன் இருவரும் அடுத்துச் சேர்ந்த ‘மைனர் த்ரெட்’ குழு 1981இல் வெளியிட்ட ஒரு நிமிடத்துக்கும் குறைவான பாட்டின் தலைப்புதான் ஸ்ட்ரெயிட் எட்ஜ். ரசிகர்கள் இன்றுவரை பிரிந்து நிற்பது அதே குழுவின் இன்னொரு பாட்டான ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’பை வைத்து. புகை, குடி, பொறுப்பற்ற உடலுறவு ஆகிய மூன்றும் வேண்டாம் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டால் அந்த வரி ‘நான் குடிக்க மாட்டேன்’ என்றும் கேட்கும், ‘நீ குடிக்காதே’ என்றும் கேட்கும். தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் நமக்கு இந்தக் குழப்பம் வராது. அங்கே வந்தது. ‘நான்’ தெளிவாக இருக்க வேண்டும் என்று டிரம்ஸ் வாசித்த நெல்சன் வாதாடினார். அச்சிட்ட வரிகளில் அந்தச் சொல் அடைப்புக்குறிக்குள் ஏறியது. 1983இல் மறுபடி பதிவு செய்தபோது, இது யாருக்கும் போடும் சட்டமல்ல என்று மெக்காய் பாட்டின் நடுவிலேயே பேசியும் விட்டார்.

‘மாட்டேன்’ என்று கேட்டவர்கள் ஒரு பக்கம், ‘காதே’ என்று கேட்டவர்கள் மறுபக்கம். பாஸ்டனில் எஸ்.எஸ்.டி. குழுவைச் சுற்றியிருந்தவர்கள் அடுத்தவர் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிடுவதாகப் பேர் வாங்கினார்கள். நியூயார்க்கில் ‘யூத் ஆஃப் டுடே’ 1988இல் இறைச்சி வேண்டாம் என்பதையும் சேர்த்தது. அதன் பாடகர் ரே கேப்போ பிறகு ஹரே கிருஷ்ணா பக்தராகி ‘ஷெல்ட்டர்’ குழுவைத் தொடங்கினார். ‘ஹார்ட்லைன்’ என்று கிளம்பியவர்கள் கருக்கலைப்பையும் ஒருபாலுறவையும் எதிர்க்கும் அளவுக்குப் போனார்கள். 1990களின் இறுதியில் சால்ட் லேக் சிட்டியில் வன்முறை முற்றி, காவல்துறை ஸ்ட்ரெயிட் எட்ஜ்காரர்களைக் குற்றக் கும்பல் பட்டியலில் வைத்தது. உறுதி உடைந்தவரைத் துரோகி என்பதும், இப்போது இல்லையென்றால் எப்போதும் இருந்ததில்லை என்று பழைய நண்பர்களை வெட்டிவிடுவதும் இந்தப் பக்கத்தின் வழக்கம்.

சென்னையில் இந்தப் பிளவுக்கு வேறு கனம் உண்டு. அதைக் கட்டுரை தொடவே இல்லை. வாஷிங்டனில் பதினேழு வயதுப் பிள்ளை ‘குடிக்க மாட்டேன்’ என்றால் அது கூட்டாளிகளை எதிர்த்து நிற்பது. இங்கே அதே சொல்லுக்கு வீடும் பள்ளிக்கூடமும் தெருவும் ‘நல்ல பையன்’ என்று பட்டம் கொடுக்கும். உணவு விஷயம் இன்னும் கூர்மையானது. அங்கே இறைச்சியை விட்டது பண்ணை விலங்குகளின் வதையை எண்ணி. இங்கே வாடகை வீட்டு வாசலில் ‘சைவம் மட்டும்’ என்று பலகை தொங்கினால் அது யாரை உள்ளே விடாமலிருக்க என்பது எல்லாருக்கும் தெரியும். இறைச்சி வேண்டாம் என்பதை அங்கிருந்து அப்படியே இறக்கி, நிகழ்ச்சியில் முட்டை பப்ஸ் விற்கக் கூடாது என்று சுவரொட்டியில் போடுவதை நாங்கள் ஏற்க மாட்டோம். எடுத்துக்கொள்ள வேண்டியது சபதத்தை அல்ல, வாசலை: வயது பாராமல் எல்லாரும் உள்ளே வரும்படி நிகழ்ச்சி நடத்தும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. சொந்தப் பாட்டுப் பாடும் குழுக்களுக்குக் கிடைக்கும் மேடையோ பெரும்பாலும் பார் உள்ள இடம். பிளஸ் டூ படிக்கிற கிட்டார்காரர் வாசலோடு நின்றுவிடுகிறார். உணவகமும் பாரும் ஒட்டியிருக்கும் இடமானால் குறி உதவும், ஆனால் சரியாகப் போட வேண்டும். கையைத் துண்டால் ஈரம் போகத் துடைத்த பிறகு, பட்டை முனை பர்மனென்ட் மார்க்கரால், மணிக்கட்டிலிருந்து விரலடி வரை, இரண்டு புறங்கையிலும் போட்டு, அரை நிமிடம் காயவிட வேண்டும். ஒயிட்போர்டு மார்க்கர் பார்க்க அதேபோல் இருக்கும். நம் ஊர் வியர்வையில் இரண்டாவது பாட்டுக்குள் வழிந்துவிடும். பர்மனென்ட் மையையும் சானிடைசர் கரைத்துவிடும், தேங்காய் எண்ணெயும் எடுத்துவிடும். தடுக்கும் குறியை அழிப்பவருக்கு ஆதாயம் உண்டு என்பதுதான் இதன் பலவீனம். அதனால் அடையாள அட்டை பார்த்து 21 நிரம்பியவருக்குக் காகிதப் பட்டை கட்டிவிட வேண்டும். பட்டை இல்லையென்றால் மது இல்லை என்றாகிவிட்டால், குறியை அழித்துப் பயனில்லை.

இதைவிட நல்லது மது இல்லாத மண்டபம். அங்கே குறியே வேண்டாம், விரும்பியவர் போட்டுக்கொள்ளட்டும். நூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் ஐந்து குழுக்கள், தலைக்கு 20 நிமிடம், நடுவில் மாற்றிக்கொள்ளப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் 2 மணி 20 நிமிடம்தான். மூன்றரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குள் முடிந்துவிடும். பத்து நிமிடம் போதுமானதாக இருக்க, டிரம் செட்டும் ஆம்ப்ளிஃபையர்களும் பொதுவாக இருக்க வேண்டும்; ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

ஒலியில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றுதான்: பாடுபவர் குரல் கேட்காது, கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடும். இவ்வளவு சிறிய கூடத்தில் டிரம்ஸுக்கு மைக்கே வேண்டாம். ஸ்பீக்கர்கள் குரலுக்கு மட்டும், மைக்குக்கு முன்னால் பார்வையாளரைப் பார்த்தபடி. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக் தன் நேர் முதுகுப் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும் என்பதால், பாடுபவர் தன் குரலைக் கேட்பதற்கான ஸ்பீக்கரான மானிட்டரை அங்கே வைக்க வேண்டும். ஹார்ட்கோர் எனும் வேகமான பங்க் வகைப் பாடகர்கள் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். அதன் பின்துளைகள் அடைபட்டு எல்லாத் திசைச் சத்தத்தையும் வாங்கத் தொடங்கும். ஊளை வருவது அதனால்தான். பிடியைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், கிட்டாரைக் குறையுங்கள், அதன்பிறகு சுருதி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசருக்குப் போங்கள். காதுக்கு ஃபோம் அடைப்பான் வாசலிலேயே கொடுக்க வேண்டும்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும்.

கல்யாண மண்டபத் தரை வழவழப்பான டைல்ஸ் அல்லது கிரானைட். வியர்வையும் சிந்திய தண்ணீரும் சேர்ந்தால் முதல் ஆட்டத்திலேயே ஆள் விழுவார். தண்ணீரைக் கூடத்தின் பின்பக்கம் வையுங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்று 50 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. ஒவ்வொரு குழு மாறும்போதும் முன்தரையைத் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளை முன்கூட்டியே அடுக்கி வெளியே எடுத்துவிட வேண்டும்.

முரட்டுத்தனம் செய்பவரை என்ன செய்வது என்பதற்கும் மெக்காயின் பிற்காலக் குழுவான ‘ஃபுகாசி’ வழி காட்டியிருக்கிறது. ஐந்து டாலர் கட்டணம், எல்லா வயதினருக்கும் அனுமதி. அடுத்தவர் மேல் விழுந்து அடிப்பவர் இருந்தால் பாட்டை நிறுத்தி, ஐந்து டாலரை உறையில் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். கட்டணம் போட்ட பத்து உறைகளை வாசல் மேசையில் தயாராக வைத்தால் போதும், வாக்குவாதம் பாதியாகிவிடும். பணம் கொடுத்தேனே என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

சபாக்கள், தேவாலயக் கூடங்கள், சமூக நலக்கூடங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக எங்கள் வேண்டுகோள்: முகூர்த்தமோ கச்சேரியோ இல்லாத ஞாயிறு பிற்பகல், இரண்டு மணி முதல் ஏழு மணி வரை, மாதம் ஒருமுறை வாடகைக்குத் தாருங்கள். முன்பணமும் கட்டுவோம், முடிந்ததும் தரையைத் துடைத்து, நாற்காலிகளைப் பழையபடி போட்டுச் சாவியை ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
ஹார்ட்கோர் இசைக்குழுவினர் சிலர்,
பெரம்பூர், சென்னை – 11